அவர் சொன்ன பிறகு நாம் சொல்லும் முதல் வாக்கியம்

தமிழ்நாட்டில் பேச்சுக்கு மரியாதை அதிகம். ஆரம்பப் பள்ளியிலேயே பேச்சுப் போட்டி வைக்கிறோம். திருவிழா என்றால் பட்டிமன்றம், பொங்கல் என்றால் தொலைக்காட்சியில் இன்னொரு பட்டிமன்றம், தேர்தல் வந்தால் தெருமுனைக் கூட்டம். மேடையில் ஒருமுறை நன்றாகப் பேசியவரை ஊர் நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் மேடையில் கைதட்டல் வாங்கும் அதே மனிதர், வீட்டில் மகளிடம் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் பேச முடியாதவராக இருக்கலாம். மேடையில் ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்கிறார்கள். வீட்டில் ஒருவர் ஒரு வரி சொன்னவுடன் இன்னொருவர் மறு வரி சொல்லியாக வேண்டும். முதல் கலைக்குப் பயிற்சி கொடுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது கலையை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை.

பேச்சுத் திறனை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் எப்படி ஆரம்பிப்பது, என்ன பேசுவது, தயக்கத்தை எப்படிப் போக்குவது என்றே கேட்கிறார்கள். அன்றாட உரையாடலை ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு மூச்சையும் எழுதிவைத்து ஆராயும் துறை ஒன்று அறுபது ஆண்டுகளாக வளர்ந்திருக்கிறது. அதையும் உறவுகளைப் பற்றிய உளவியல் ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் கவனம் வேறோர் இடத்துக்குப் போகிறது. எதிரில் இருப்பவர் ஒன்றைச் சொல்லி முடித்தவுடன் நம் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் எப்படி இருக்கிறது? உறவு வளர்வதும் தேய்வதும் பெரும்பாலும் அங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர் ஹார்வி சாக்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1963-64 இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றில் பணியாற்றியபோது, உதவி கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். அங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. அழைப்பவர்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லத் தயங்கினார்கள். ஊழியர் முதலில் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால், அழைத்தவரும் பொதுவாகத் தன் பெயரைச் சொல்லிவிடுவார். ஆனால் ஓர் அழைப்பில், ஊழியர் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் இருந்தவர், "நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை" என்றார். ஊழியர் மறுபடியும் தன் பெயரைச் சொன்னார். அழைத்தவர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். அதற்குள் அவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய தருணம் கடந்து போயிருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லாமல் தப்பித்துவிட்டார்.

இப்படிப்பட்ட சிறு இடங்களைத்தான் சாக்ஸ் தோண்டினார். ஒருவர் சொன்ன வாக்கியம் அடுத்தவருக்கு ஓர் இடத்தைத் திறந்துவைக்கிறது. அந்த இடத்தில் அவர் எதைப் போடுகிறார் என்பதைக் கொண்டே பேச்சு எந்தப் பக்கம் போகும் என்பது தீர்மானமாகிறது. 1974 இல் இம்மானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகியோரோடு சேர்ந்து, உரையாடலில் மனிதர்கள் முறைவைத்துப் பேசும் ஒழுங்கைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் மொழியியலில் அடிப்படையாக நிற்கிறது. அடுத்த ஆண்டே கார் விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு நாற்பது வயதுதான்.

அந்த இடம் எவ்வளவு குறுகியது என்பதை 2009 இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. தான்யா ஸ்டைவர்ஸ், ஸ்டீபன் லெவின்சன் உள்ளிட்டோர் ஜப்பானியம், டேனிஷ், இத்தாலியம், லாவோ, மெக்சிகோவின் செல்ட்டால் எனப் பத்து மொழிகளில் மக்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து, ஒரு கேள்விக்கும் அதற்கான பதிலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் கழிகிறது என்று பார்த்தார்கள். ஜப்பானியர்கள் மிக விரைவாகப் பதில் சொன்னார்கள். டேனிஷ்காரர்கள் கொஞ்சம் நிதானம். ஆனாலும் மொத்தத்தில் எல்லா மொழிகளும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகவே இருந்தன. சராசரி இடைவெளி ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு.

ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால்கூட, அதன் பெயரைச் சொல்ல மனிதருக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது. அப்படியிருக்க ஐந்தில் ஒரு பங்கு நொடியில் பதில் வருகிறது என்றால், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்று பொருள். இதை ஒழுக்கக் குறைவு என்று சொல்ல முடியாது; மனித மூளை வேலை செய்யும் விதமே இதுதான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அவ்வளவு குறுகிய நேரத்தில் யோசித்துச் சொல்ல முடியாது; பழக்கத்தில் இருப்பதுதான் வாயில் வரும். அப்பாவிடமிருந்து நமக்கு வந்த அதட்டல், அம்மாவிடமிருந்து வந்த கவலை, அலுவலகத்தில் பழகிய அவசரம் எல்லாம் அந்த நொடித்துண்டுக்குள் முந்திக்கொண்டு வந்து நிற்கின்றன. ஆகவே "இனிமேல் யோசித்துப் பேச வேண்டும்" என்று எடுக்கும் தீர்மானம் பெரிதாகப் பலன் தருவதில்லை. நம் பழக்கமான மறுமொழிகள் எவை என்று முதலில் கண்டுகொள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் நான்கைந்துதான் திரும்பத் திரும்ப வரும்.

அவற்றில் மிக எளியது 'ம்' கொட்டுவது. அதைச் சாதாரணமாக நினைக்கிறோம். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலாஸ் குழுவினர் 2000 இல் வெளியிட்ட ஆய்வு, அது எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்பதைக் காட்டியது. ஒருவர், தான் ஆபத்திலிருந்து நூலிழையில் தப்பிய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ரகசியமாக ஒரு வேலை கொடுத்தார்கள். கதை சொல்பவர் பேசும்போது 'T' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அவர்களும் சொல்பவரைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் சரியான இடத்தில் முகம் சுளிப்பது, "ஐயோ" என்று பதறுவது போன்ற மறுமொழிகள் அவர்களிடம் வரவில்லை. அதனால் கெட்டுப்போனது கதைதான். சொல்பவர்கள் தடுமாறினார்கள். குறிப்பாகக் கதையின் உச்சத்தில், முடிவை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிலர் சட்டென்று முடித்தார்கள், சிலர் சொன்னதையே திரும்பச் சொன்னார்கள், சிலர் இது ஏன் ஆபத்தான சம்பவம் என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சொந்தக் கதையை, தான் உயிர் பிழைத்த கதையை ஒருவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. காரணம் எதிரில் இருந்தவர். கேட்பவரும் கதை சொல்வதில் பங்காளி என்ற முடிவுக்கு அந்த ஆய்வு வந்தது. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த தென்மாவட்டக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வில்லின் முன் அமர்ந்து கதை சொல்லும் புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். குடமும் உடுக்கும் தாளமும் வைத்திருக்கும் பக்கப்பாட்டுக்காரர்கள் "ஆமா" என்று வாங்கிக்கொள்வார்கள். சில இடங்களில் கேள்வி கேட்பார்கள், சில இடங்களில் வியப்பார்கள். அந்த "ஆமா" வரவில்லையென்றால் புலவரால் அடுத்த வரிக்குப் போக முடியாது. கேட்கிறவர் இல்லாமல் கதை இல்லை என்பதை அந்தக் கலை தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. பாட்டி கதை சொல்லும்போது குழந்தை தூங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள "ம் சொல்லு" என்பதும் அதே வழக்கம்தான்.

இப்போது இரவு எட்டரை மணிக்கு ஒரு வீட்டு வரவேற்பறையை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் பையன், பள்ளியில் ஓர் ஆசிரியர் தன் நண்பனை எல்லார் முன்னிலையிலும் திட்டியதைச் சொல்கிறான். அப்பா கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டே "ம்... ம்..." என்கிறார். அவர் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்று பையன் கேட்டால் கடைசி வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லவும் அவரால் முடியும். ஆனால் பையன் கதையைப் பாதியில் சுருக்கி, "சரி, விடுங்கள்" என்று எழுந்துபோகிறான். கொஞ்ச நாளில் அப்பா, "இந்தப் பையன் எதையுமே சொல்வதில்லை" என்று கவலைப்படத் தொடங்குவார். அவனுக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. அவன் சொல்லும் வரிகளை வாங்கிக்கொள்ளத்தான் எதிரில் ஆள் இல்லை. கைபேசியைக் கவிழ்த்து வைப்பது மரியாதைக்கான சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். முகமும் கண்ணும் விடுபட்டால்தான் சரியான இடத்தில் சரியான மறுமொழி வரும். அதற்காகத்தான் வைக்க வேண்டும்.

அடுத்த பழக்கம் அறிவுரை. நம் வீடுகளில் அன்பின் முதல் வடிவமே இதுதான். அதனால்தான் இதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் இரவு தொலைபேசியில் சொல்கிறாள்: "இன்றைக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது அப்பா. மதியம் சாப்பிடக்கூட நேரமில்லை." அப்பாவுக்கு நெஞ்சு பதறுகிறது. "அதற்குத்தான் சொன்னேன், காலையிலேயே எழுந்து இரண்டு தோசை ஊற்றி எடுத்துக்கொண்டு போ என்று. நேரத்துக்குத் தூங்கு. இரவில் அந்தப் போனைப் பார்க்காதே." ஒவ்வொரு சொல்லும் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் மகள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். "காலையில் நேரம் இருக்காது அப்பா" என்கிறாள். "அரை மணி நேரம் முன்னால் எழுந்தால் என்ன?" என்கிறார் அவர். "இரவு பதினொன்றுக்குத்தான் வருகிறேன்" என்கிறாள். ஒரு நிமிடத்துக்கு முன் அசதியைப் பகிர்ந்துகொள்ள வந்தவள் இப்போது தன் பக்க நியாயத்தை வாதாடிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் "சரி அப்பா, பார்க்கிறேன்" என்று வைத்துவிடுகிறாள். அடுத்த முறை அசதியாக இருந்தால் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வாள்.

கெயில் ஜெஃபர்சன் இதே நிகழ்வை ஆங்கிலப் பேச்சுப் பதிவுகளில் கண்டு, ஜான் லீ என்பவரோடு சேர்ந்து 1981 இல் எழுதினார். துன்பத்தைச் சொல்லும் ஒருவர் தன் எதிரில் இருப்பவரை, தன் துன்பத்தைக் கேட்கிறவராக எதிர்பார்க்கிறார். அவர் பாதியிலேயே அறிவுரை சொன்னால் உரையாடலின் வகையே மாறிவிடுகிறது. வந்தவர் இப்போது உதவி நாடி வந்தவராகவும், கேட்டவர் விஷயம் தெரிந்தவராகவும் ஆகிவிடுகிறார்கள். அறிவுரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த இடத்தில் அது தள்ளப்படுகிறது. அதே அறிவுரை, துன்பத்தை முழுக்கச் சொல்லி முடித்த பிறகு வந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆகவே அறிவுரையே தவறு என்பதல்ல. அது வரும் இடம் தவறு.

பிரிட்டனில் முதல் குழந்தை பெற்ற தாய்மார்களின் வீட்டுக்குச் சென்று பார்க்கும் சுகாதாரச் செவிலியர்களின் பேச்சை ஜான் ஹெரிடேஜ், சூ செஃபி இருவரும் ஆராய்ந்து 1992 இல் வெளியிட்டார்கள். அந்தச் செவிலியர்கள் கொடுத்த அறிவுரைகளில் பெரும்பகுதி, தாய் கேட்காமலே கொடுக்கப்பட்டது. பெரும்பகுதிக்குக் கிடைத்தது மௌனமோ, ஒப்புக்கு ஒரு "ம்"மோ, "அது எனக்குத் தெரியும்" என்பதோதான். அந்தப் பதிவுகளில் ஓர் இடம் மறக்க முடியாதது. குழந்தை எதையோ சப்பிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துச் செவிலியர், "நன்றாக ரசித்துச் சாப்பிடுகிறான் போலிருக்கிறதே" என்கிறார். தந்தை, "ஆமாம், ரசிக்கிறான்" என்று ஒத்துக்கொள்கிறார். தாயோ, "பசியெல்லாம் இல்லை, இப்போதுதான் பால் குடித்தான்" என்கிறாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் தன்னை மதிப்பிட ஒருவர் வந்திருக்கிறார் என்று தோன்றிவிட்டதால், ஒரு சாதாரண வாக்கியம்கூட அவளுக்குக் குற்றச்சாட்டாகக் கேட்கிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணிடம், வருகிற உறவினர்கள் எல்லாம் "குழந்தை இளைத்திருக்கிறதே", "தலை நின்றுவிட்டதா?", "பால் போதுகிறதா?" என்று கேட்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அவள் ஏன் சிடுசிடுக்கிறாள் என்பது புரியும்.

மேலே சொன்ன மகளிடம் அப்பா என்ன சொல்லியிருக்கலாம்? "மதியம் சாப்பிடவே இல்லையா? அப்படி என்ன வேலை வந்தது?" இவ்வளவு போதும். அவள் சொல்வாள். சொல்லி முடித்த பிறகு அவளே "காலையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போகலாமா என்று பார்க்கிறேன்" என்றால், தோசையைப் பற்றிச் சொல்ல அதுதான் சரியான இடம். 2017 இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதைத்தான் சொன்னது: கேள்வி கேட்பவர்களை மக்களுக்குப் பிடிக்கிறது. அதிலும், இப்போது சொன்னதிலிருந்தே எழும் தொடர் கேள்வியைக் கேட்பவர்களை அதிகம் பிடிக்கிறது. "வேறென்ன விசேஷம்?" என்பது கேள்வி வடிவில் இருந்தாலும், முன்னே சொன்னதை மூடிவைக்கும் வேலையைத்தான் செய்கிறது.

தன் கதைக்குத் தாவுவது இன்னொரு பழக்கம். "எனக்கு முதுகுவலி" என்றால் "எனக்கு மூன்று வருடமாக இருக்கிறதே" என்பது. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் 1979 இல் இதைப் பேச்சைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் மறுமொழி என்று வகைப்படுத்திக் கடுமையாக விமர்சித்தார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நம் ஊரில் "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்வது பல நேரம் துணை நிற்பதற்காகத்தான். மருத்துவமனை வராந்தாவில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் கால் மணி நேரத்தில் உறவாகிப்போவது இப்படித்தான். இடைமறித்துப் பேசுவதும் அப்படியே. 1978 இல் கலிஃபோர்னியாவில் ஒரு பண்டிகை விருந்தில் நடந்த பேச்சை மொழியியலாளர் டெபோரா டேனன் பதிவு செய்து ஆராய்ந்தார். நியூயார்க்கில் வளர்ந்தவர்கள் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசுவதை உற்சாகத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாக்காரர்கள் அதே பேச்சில் மூச்சுமுட்டிப் போனார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் ஐந்து அத்தைகள் ஒரே நேரத்தில் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு முதல் வகை நன்றாகத் தெரியும். அங்கே நாகரிகமாக வாய்ப்புக்குக் காத்திருப்பவரைத்தான் "உம்மணாமூஞ்சி" என்பார்கள். ஆகவே தன் கதையைச் சொல்லலாம். சொல்லிவிட்டு நூலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "எனக்கும் இருந்தது, குனியவே முடியாது. உனக்கு எப்போதிலிருந்து?" என்பதில் இரண்டும் இருக்கிறது.

துன்பத்துக்குப் பதில் சொல்வதைப் பற்றி இவ்வளவு பேசினாலும், நல்ல செய்திக்குப் பதில் சொல்வதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2004 இல், நல்ல செய்தியைக் கேட்பவர்கள் எப்படியெல்லாம் பதில் சொல்கிறார்கள் என்று நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஆர்வத்தோடு சேர்ந்து மகிழ்வது ஒன்று. "நல்லது" என்று சுருக்கமாக முடிப்பது இன்னொன்று. அதிலுள்ள சிக்கலைச் சுட்டிக்காட்டுவது மூன்றாவது. கண்டுகொள்ளாமல் வேறு பேச்சுக்குப் போவது நான்காவது. முதல் வகைப் பதில் கிடைத்தவர்களின் உறவு மட்டுமே செழிப்பாக இருந்தது. மற்ற மூன்றும், "நல்லது" என்று அமைதியாக முடிப்பது உட்பட, உறவின் நலிவோடுதான் சேர்ந்து வந்தன. அடுத்து 2006 இல் காதல் இணைகளைக் கொண்டு அவர்கள் செய்த ஆய்வில், துன்பத்தைப் பேசியபோது கிடைத்த ஆதரவைவிட நல்ல செய்தியைப் பேசியபோது கிடைத்த மறுமொழியே உறவின் நலத்தோடு நெருக்கமாகப் பொருந்தியது.

இது நமக்குக் கசப்பான செய்தி. மகிழ்ச்சியை அடக்கிவைப்பதை நாம் பண்பாக வளர்த்திருக்கிறோம். கண்பட்டுவிடும் என்ற பயம், பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்ற பயம், சந்தோஷப்பட்ட மறுநாள் ஏதாவது நடந்துவிடும் என்ற பயம் மூன்றும் சேர்ந்துகொள்கின்றன. தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கி ஓடிவரும் பிள்ளையிடம் "மீதி நான்கு எங்கே?" என்று கேட்கும் பெற்றோர், உள்ளுக்குள் பூரித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வார்கள். பிள்ளையின் காதுக்கு மட்டும் அது போய்ச் சேர்வதில்லை. மனைவி, "என்னங்க, எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது" என்றால் கணவனுக்கு முதலில் தோன்றுவது "அப்படியானால் வேலை நேரம் கூடுமா?" என்பது. அந்தக் கேள்வி நியாயமானது. குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்டே ஆக வேண்டியது. ஆனால் அதை நாளைக் காலையில் கேட்கலாம். இன்றைக்குக் கேட்க வேண்டியது, யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள், கேட்டதும் உனக்கு எப்படி இருந்தது என்பதைத்தான். அந்த நிமிடத்தை அவள் மறுபடியும் ஒருமுறை வாழ்ந்து பார்க்க அது வழி செய்கிறது.

எல்லாப் பேச்சும் இப்படிச் செய்தியோடு வருவதில்லை. "மழை வரும்போல இருக்கிறதே", "எதிர்வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள்" என்று தன்பாட்டுக்குச் சொல்வது போலச் சொல்லப்படுபவை அதிகம். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இளம் தம்பதிகளை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற ஆய்வகத்தில் தங்கவைத்துக் கவனித்தவர். இப்படிப்பட்ட சிறு வாக்கியங்களுக்கு இணையர் முகம் திருப்பிப் பதில் சொல்கிறாரா என்று அவர் எண்ணினார். ஆறு ஆண்டுகள் கழித்துச் சேர்ந்து வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 86 முறை பதில் சொல்லியிருந்தார்கள், பிரிந்தவர்கள் 33 முறைதான் என்று எழுதியிருக்கிறார். காட்மனின் கணிப்பு விகிதங்கள் சிலவற்றைப் பிற ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். அந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர் கவனித்த இடம் மிகச் சரியானது. எதிர்வீட்டு வெள்ளையடிப்பில் யாருக்கும் அக்கறை இல்லை. அதைச் சொன்னவர் கேட்பது, "நீ இங்கே இருக்கிறாயா?" என்பதை. நிமிர்ந்து ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்து "என்ன நிறம் அது?" என்றால் அதற்கு விடை கிடைத்துவிடுகிறது.

மனத்தாங்கலைச் சொல்வது இவற்றைவிடக் கடினமான வேலை. கூட்டுக் குடும்பங்கள் இதற்காக ஜாடைப் பேச்சு என்றொரு முறையை வளர்த்தன. மருமகளுக்குக் கேட்க வேண்டியதை மாமியார் பாத்திரத்திடம் சொல்வார். கணவனுக்குச் சொல்ல வேண்டியதை மனைவி குழந்தையிடம் சொல்வாள். நேரடியாக மோதாமல் ஒரே கூரையின் கீழ் வாழ அது உதவியது என்பதை மறுக்க முடியாது. பெனலபி பிரவுனும் மேலே சொன்ன ஸ்டீபன் லெவின்சனும் 1978 இல் உலகின் மரியாதைப் பேச்சு முறைகளைப் பற்றி ஒரு பெரிய கோட்பாட்டை முன்வைத்தார்கள். அதற்கு அவர்கள் அடிப்படையாகக் கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சுதான் அவர்களுக்குச் சான்று. எதிரில் இருப்பவரின் முகம் வாடாமல் ஒன்றைக் கேட்பதற்கும் மறுப்பதற்கும் மனிதர்கள் எத்தனை வழிகளைக் கையாள்கிறார்கள் என்பதே அவர்களின் ஆராய்ச்சி. அந்தக் கிராமத்தார் அதில் தேர்ந்தவர்கள்.

ஆனால் ஜாடைப் பேச்சில் ஒரு பெரிய குறை உண்டு. அதற்கு மறுமொழி சொல்ல முடியாது. பாத்திரத்திடம் சொன்னதற்கு மருமகள் பதில் சொன்னால் "உன்னையா சொன்னேன்?" என்ற கேள்வி வரும். பதிலுக்கு இடமில்லாத பேச்சு உள்ளேயே தங்கிப் புளிக்கிறது. அதற்கு மாற்றாக இன்று நேரடியாகப் பேசுகிறோம் என்று, "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்று ஆரம்பிக்கிறோம். காட்மனும் சிபில் கேரரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக மணமான 124 தம்பதிகளின் சச்சரவுப் பேச்சில் முதல் மூன்று நிமிடங்களே, பின்னால் யார் பிரிந்தார்கள் என்பதோடு பொருந்திப்போயின. கடுமையாகத் தொடங்கிய பேச்சு கடுமையாகவே முடிந்தது. "எப்போதுமே" என்று தொடங்கும் வாக்கியத்துக்கு, கேட்பவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது: எப்போதும் இல்லை என்று நிரூபிப்பது. "நேற்று உங்கள் அக்கா வந்திருந்தபோது நான் சமையலறையில் தனியாக நின்றேன், கஷ்டமாக இருந்தது" என்றால் பதில் சொல்ல வழி இருக்கிறது. மன்னிப்புக் கேட்கலாம், காரணம் சொல்லலாம், அடுத்த முறை என்ன செய்யலாம் என்றும் பேசலாம். மனத்தாங்கலை வாய்க்குக் கொண்டுவரும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: நான் சொல்லப்போவதற்கு அவரால் என்ன பதில் சொல்ல முடியும்?

பேசாத அப்பாக்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தொலைபேசியை எடுத்து "நன்றாக இருக்கிறாயா? இரு, அம்மாவிடம் கொடுக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் தகப்பன்மார் தமிழ் வீடுகளில் ஏராளம். அவர்களுக்குப் பாசம் இல்லை என்று பிள்ளைகள் ஒரு வயதில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கு வராதது, உணர்வைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வதுதான். "எப்படி இருக்கிறீர்கள் அப்பா?" என்றால் "இருக்கிறேன்" என்பதற்கு மேல் அவர்களிடம் வாக்கியம் இல்லை. "ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நேரம் ஓடுகிறது?", "அந்த மோட்டாருக்குச் சுருள் கட்டினீர்களே, சரியாகிவிட்டதா?", "இந்த மாதம் தேங்காய் என்ன விலைக்குப் போகிறது?" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார்கள். சுருள் கட்டப் பட்டணம் போனது, அங்கே பழைய நண்பரைப் பார்த்தது, அவர் இளைத்துப்போயிருந்தது, மனைவி இறந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதாக அவர் சொன்னது என்று பேச்சு வளர்ந்து, கேட்க நினைத்த இடத்துக்கு அதுவாகவே வந்து சேரும். அப்போது "அவருக்குப் பிள்ளைகள் வந்து பார்ப்பதில்லையா அப்பா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிந்திருந்தால், அன்றைக்கு அவர் போனை அம்மாவிடம் கொடுக்க மாட்டார்.